சாய்வெழுத்துக் கலியாணம்

பாரீசிலிருந்து அந்த எழுத்துகள் வந்திறங்கிய அன்று புதுச்சேரிக் கடற்பாலத்தில் பாண்டு வாத்தியம் முழங்கியது. அதே கப்பலில் வந்த புது நீதிபதி, வாத்தியம் தனக்குத்தான் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். அவரைச் சற்று ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் படகில் வந்த தேக்குப் பெட்டிக்குக் குடை பிடித்தார்கள்.

பெட்டிக்குள் இருந்தவை ஈயத்தில் வார்த்த அச்செழுத்துகள். புத்தகத்தில் பார்க்கிற எழுத்து மாதிரி விறைத்து நிற்பவை அல்ல. கைதேர்ந்த ஒருவர் இறகுப் பேனாவால் எழுதியது போல வலப்பக்கம் சாய்ந்து, மெலிந்தும் தடித்தும் ஓடி, ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு போகிறவை. விருந்துக்கும் கலியாணத்துக்கும் பட்டமளிப்புக்கும் மட்டுமே உரியவை. இந்த எழுத்து வகைக்குப் பிரெஞ்சில் 'ஆங்கிலேயப் பெண்' என்று பெயர். தவளக்குப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஆங்கிலேயர் சீமை வந்துவிடும் என்பதால், அந்தப் பெயரை ஊருக்குள் உரக்கச் சொல்லக் கூடாது என்று முதல் நாளே உத்தரவு வந்தது. ஊரார் சாய்வெழுத்து என்றார்கள்.

எழுத்து வந்துவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆள் வந்தால் அவருக்கு நாற்காலி வேண்டும். நாற்காலி போட்டபின் அதற்கு முன்னால் நாலு பேர் காத்திருக்காவிட்டால் நன்றாக இராது. அலங்கார எழுத்துக் காரியாலயம் இப்படித்தான் பிறந்தது. யாருக்குச் சாய்வெழுத்து கொடுக்கலாம், கொடுத்தால் பெயரின் முதலெழுத்தில் எவ்வளவு அலங்காரச் சுழி கொடுக்கலாம் என்று தீர்மானிப்பது அதன் வேலை. கொஞ்ச நாளில், சாய்வெழுத்தில் அழைப்பு அச்சான கலியாணங்களைப் பதிவுசெய்கிற அதிகாரத்தையும் அது கேட்டு வாங்கிக்கொண்டது.

வேளாங்கண்ணிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. கன்னியர் மடத்துத் தையற்கூடத்தில் நூலில் லேசு பின்னுவாள், பட்டுத் துணியில் பூவேலை செய்வாள். தகப்பனார் சுங்கச் சாவடியில் சேவகராக இருந்து இறந்துபோனவர். அவள் பிறந்த சில நாளில் கடுமையான காய்ச்சல் கண்டபோது, பிழைத்தால் உன் பெயரை வைக்கிறேன் என்று தாயார் புஷ்பமேரி மாதாவிடம் நேர்ந்துகொண்டு வைத்த பெயர் அவளுடையது. அந்தப் பெயரோடு பல சம்பந்தங்களுக்கு முன்னால் போய் நின்றாள். எல்லோரும் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாக வந்தவன் சகாயநாதன். சைகோனில் குமாஸ்தா உத்தியோகம். விடுப்பில் வந்திருந்தான். தவக்காலம் பிறப்பதற்குள் கலியாணம் முடிந்தாக வேண்டும். தவக்காலத்தில் கோவிலில் கலியாணம் கிடையாது. அது முடிவதற்குள் அவன் கப்பல் ஏறிவிடுவான்.

பெண் பார்க்க வந்த அன்று அவள் தண்ணீர் கொடுத்தபோது அவன் "மெர்சி" என்றான். அந்த வீட்டில் தண்ணீர் கொடுத்ததற்கு யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லின் மேல் வேளாங்கண்ணி ஒரு வீட்டைக் கட்டினாள். ஜன்னல் வைத்தாள். ஜன்னலுக்குத் தானே பின்னிய திரையைத் தொங்கவிட்டாள். அந்த வீட்டுக்குள் அவன் இன்னும் வேறெதுவும் பேசவில்லை என்பது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. பேசத்தான் காலம் கிடக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

சகாயநாதனின் தாயார் மதாம் செசில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "நகை நட்டு நீங்க போடறத போடுங்க. ஆனா பத்திரிகை சாய்வெழுத்துல இருக்கணும். நேரெழுத்துல அடிச்சா எங்க சைகோன் ஆளுங்க சாவுப் பத்திரிகைன்னு நெனச்சு கறுப்புக் கட்டிக்கிட்டு வந்துருவாங்க."

"அதுக்கென்னாங்க, வாங்கிட்டா போச்சு" என்றாள் புஷ்பமேரி, அது ஏதோ கடைத்தெருவில் கிடைக்கிற சாமான் போல.

ஆண்துணை இல்லாத வீடு. வேளாங்கண்ணியே தன் கலியாணப் பத்திரிகைக்காகக் காரியாலயத்துக்குப் போனாள். அவள் முதலில் கவனித்தது, அங்கே எல்லோரும் வலப்பக்கம் சாய்ந்திருந்ததை. வாசற்காவலன் சாய்ந்து நின்றான். குமாஸ்தாக்கள் சாய்ந்து எழுதினார்கள். தலைமைக் குமாஸ்தா தேவதாஸ், காற்றில் அகப்பட்ட வாழை மாதிரி நடந்து வந்தார்.

"ஒக்காரும்மா" என்றார். "நேரா ஒக்காராத. கொஞ்சம் சாஞ்சாப்ல."

"ஒங்களுக்கு இடுப்பு வலிங்களா ஐயா?"

"மரியாதம்மா. அதுங்க சாஞ்சு நிக்கிறப்போ நாம நிமிந்து ஒக்காந்தா அதுங்களுக்கு மனசு கஷ்டப்படும்."

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் எழுத்துகள் உறங்கும் நேரம் என்றும், மெதுவாகப் பேச வேண்டும் என்றும் தேவதாஸ் சொன்னார். பக்கத்து அறையில் அவை வெல்வெட்டின் மேல் கிடந்தன. பெரிய எழுத்துகளுக்கு வால் உண்டு, அந்த வால் ஈயக்கட்டையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கைதவறினால் ஒடிந்துவிடும். அப்படி வாலொடிந்த ஓர் எழுத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, மாலை போட்டு, ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தருக்கு உரிய மரியாதையோடு வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் அதற்கு வணக்கம் சொன்னார்கள். வேளாங்கண்ணியும் சொன்னாள்.

"ஒங்கப்பா யாரு?"

"சுங்கச் சாவடில சேவகருங்க. தவறிட்டாரு."

"சேவகர்னா சுழி கெடையாது. மாப்ள?"

"சைகோன்ல குமாஸ்தாங்க."

"சைகோனுக்கு ஒரு சுழி உண்டு. அப்ப மாப்ள பேருக்கு ஒரு சுழி, பொண்ணு பேரு மொட்டை."

"பரவால்லீங்க."

"பரவால்லன்னு சொல்லப்படாது. நன்றியோட ஏத்துக்கறேன்னு சொல்லணும்."

அவள் நன்றியோடு ஏற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபின், மொட்டைப் பெயருக்குத் தான் எதற்காக நன்றி சொன்னோம் என்று யோசித்தாள். சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது அது சரியாகவே பட்டது.

அடுத்த முறை போனபோது தேவதாஸின் முகம் வாடியிருந்தது. காரியாலயத் தலைவர் மொசியே பெல்மார் அவளை நேரில் பார்க்க விரும்புவதாகச் சொல்லி உள்ளே கூட்டிப்போனார். மொசியே பெல்மார் அதிகமாகச் சாய்ந்திருந்ததால் அவருடைய நாற்காலிக்கு ஒரு பக்கம் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சிக்கல் இதுதான். அவள் பெயரின் முதல் எழுத்துக்குப் பிரெஞ்சில் 'வே' என்று பெயர். 'பிரான்சு வாழ்க', 'குடியரசு வாழ்க' என்று பிரெஞ்சில் எழுதினால் ஒவ்வொரு வாழ்கவும் அந்த 'வே'யில்தான் தொடங்கும். ஆகவே பெட்டியில் வந்த 'வே' எல்லாவற்றையும் அரசாங்க முழக்கங்களுக்கென்று ஒதுக்கிப் பூட்டிவிட்டார்கள்.

மொசியே பெல்மார் எழுந்து பேசினார். அவர் பேசப் பேச தேவதாஸ் தமிழில் சொன்னார்.

"மகளே, நான் பெண்களை மதிக்கிறவன். ஆனால் நீ இல்லாமல் ஒரு கலியாணம் நடந்துவிடலாம். 'வே' இல்லாமல் ஒரு குடியரசு எப்படி வாழ்க என்று சொல்லும்? யோசித்துப் பார். இந்த ஊரில் பட்டினி இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். அவற்றை நேரெழுத்தில் எழுதுவதால்தான் அவை அத்தனை கொடுமையாகத் தெரிகின்றன. போன கோடையில் உழவர்கரைக் கிணறுகள் வற்றிப்போனதாக ஒரு மனு வந்தது. அதை நான் சாய்வெழுத்தில், ஓரத்தில் கொடிப்பூ வைத்து அச்சிட்டு மேலிடத்துக்கு அனுப்பினேன். எல்லோரும் கையில் வாங்கிக் கையில் கொடுத்து ரசித்தார்கள். இரண்டு பேர் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். கிணற்றைப் பற்றி ஒருவருக்கும் வருத்தம் இல்லை. நிர்வாகம் என்றால் அதுவல்லவா?"

"ஆமாங்க" என்றாள் வேளாங்கண்ணி. ஆமாம் என்று சொல்லாவிட்டால் அவர் மறுபடி உட்காரமாட்டார் போலிருந்தது. "கெணத்துல அப்பறம் தண்ணி வந்துதுங்களா?"

தேவதாஸ் அதைப் பிரெஞ்சில் சொல்லவில்லை.

கடைசியில் காரியாலயம் ஒரு வழி சொன்னது. பிரெஞ்சு நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான 'ஸெத்' கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் வேலையில்லாமல் கிடக்கிறது. இந்த ஊரில் அந்த எழுத்தில் யாருக்கும் பெயர் இல்லை. சும்மா இருந்து இருந்து அது மனம் நொந்துபோயிருப்பதாக வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு வேலை கொடுத்தால் புண்ணியம். மணமகள் பெயரை அந்த எழுத்தில் தொடங்கும் ஜெனோபி என்று போட்டால் மூன்றாம் நாளே பத்திரிகை தயார். அந்த எழுத்துக்கு யாரும் தராதரம் வகுக்காததால், சுழியும் வேண்டிய மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வேளாங்கண்ணி கடற்கரைச் சாலை வழியாக வீட்டுக்கு நடந்தாள். ஜெனோபி, ஜெனோபி என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஜெனோபி கொஞ்சம் கொஞ்சமாக உருவம் எடுத்தாள். ஜெனோபியின் விரல்களில் ஊசி குத்திய தழும்பு இல்லை. ஜெனோபிக்கு வெயிலில் வேர்ப்பதில்லை. யாரும் ஜெனோபி வீட்டில் காப்பி குடித்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போனதில்லை. வீடு வந்து சேர்வதற்குள் வேளாங்கண்ணிக்கு அவள் மேல் லேசான பொறாமையே வந்துவிட்டது.

"பேருல என்னாடி கெடக்கு" என்றாள் புஷ்பமேரி. "மாதாகிட்ட நான் சொல்லிக்கறேன். அவுங்களுக்குத் தெரியாததா? அவுங்களும் ஒரு பொண்ணப் பெத்து வச்சிருந்தா..." அங்கே நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பத்திரிகை வந்தது. தந்த நிற அட்டையில் ஜெனோபி என்ற பெயர் ஓடியது. முதல் எழுத்தின் சுழி கிளம்பி, மேலே போய், திரும்பி, சகாயநாதனின் பெயரைச் சுற்றிவந்து, அட்டையின் விளிம்பில் மெல்லிய நூலாக முடிந்தது. எத்தனையோ ஆண்டுகள் நூலோடு பழகிய வேளாங்கண்ணி அப்படியொரு வளைவைப் பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததுதான் அவளுக்கு வலித்தது.

அன்று சகாயநாதனும் தாயாரும் வந்திருந்தார்கள். அவன் அட்டையை வாங்கிப் பார்த்தான். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தான். சுழியின் மேல் விரலை வைத்து மெதுவாகக் கூடவே போனான். அவளை அவன் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"ஒங்களுக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்லீங்களே?" என்று அவள் கேட்டாள். "அது என் பேரு இல்ல."

"எழுத்து ரொம்ப நல்லாருக்கு" என்றான்.

"அங்க போனா என்னை என்னான்னு கூப்புடுவீங்க?"

அவன் உண்மையாகவே யோசித்தான். கெட்டவன் இல்லை. "சைகோன்ல எல்லாருக்கும் இந்த அட்டையத்தான அனுப்பறோம். இதுல இருக்கறபடி கூப்புட்டாதான கொழப்பம் இல்லாம இருக்கும்."

மதாம் செசில் மகனை விட மகிழ்ச்சியாக இருந்தாள். அதற்குள் அவளும் வலப்பக்கம் சாயத் தொடங்கியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் புஷ்பமேரியின் வீட்டுக்கே ஒரு பத்திரிகை வந்தது. உறையின் மேல் கையெழுத்தில் 'செல்வி வேளாங்கண்ணிக்கு' என்றிருந்தது. காரியாலயத்தின் கணக்கில் அவள் பெயர் எங்கோ எழுதப்பட்டிருக்க, மரியாதை கருதி அவளையும் கலியாணத்துக்கு அழைத்திருந்தார்கள்.

"நமக்கே பத்திரிகை வச்சிருக்காங்க பாரு" என்றாள் புஷ்பமேரி. "பெரிய எடம்னா சும்மாவா."

வேளாங்கண்ணி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ ஒரு குமாஸ்தா அவசரத்தில் மைக்கூட்டில் தொட்டு எழுதியிருந்தான். அந்த வாரம் முழுதும் அவள் பெயரை அப்படியே எழுதிய ஒரே ஆள் அவன்தான்.

பதிவுக்குக் குறித்த காலை வந்தது. கோவிலில் சாமியார் மந்திரித்து ஆசீர்வதிப்பது அதற்குப் பிறகு. காரியாலயக் கூடத்தில் கொடிகள் கட்டியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததில், கூடமே மெல்லக் கவிழ்கிற படகு போலிருந்தது. வேளாங்கண்ணி தானே லேசு வைத்துத் தைத்த வெள்ளை உடுப்பில் இருந்தாள். அவளுக்கும் சகாயநாதனுக்கும் நடுவே சின்ன மேசையில், வெள்ளிச் சட்டத்துக்குள் பத்திரிகை நின்றது.

மொசியே பெல்மார் படித்தார். சகாயநாதனைக் கேட்டார். அவன் சம்மதம் என்றான். பிறகு நிமிராமலே, "ஜெனோபி, நீ இந்த மனிதனைக் கணவனாக ஏற்கிறாயா?" என்றார்.

அவளிடம் விடை தயாராக இருந்தது. ஒரே ஒரு சொல். குளிக்கும்போது, தைக்கும்போது, அடுப்பூதும்போது சொல்லிப் பார்த்திருந்தாள். அது தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே நின்றுகொண்டு, என்னைக் கேட்டார்களா என்று அவளிடமே கேட்டது.

அவள் சகாயநாதனைப் பார்த்தாள். இவன் இப்போது ஒரு முறை தன் பக்கம் திரும்பினால், சும்மா திரும்பினால் போதும், ஜெனோபியாகவோ யாராகவோ இருந்துவிடலாம் என்று நினைத்தாள். சகாயநாதன் ஜெனோபியின் விடைக்காக அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புஷ்பமேரி பின்னாலிருந்து கிள்ளினாள். "சொல்லேம்மா" என்றாள் மதாம் செசில். "சாப்பாடு ஆறுது."

"அவுங்க வரலீங்க" என்றாள் வேளாங்கண்ணி.

"யாரு வரல?" என்றார் தேவதாஸ்.

"ஜெனோபி. நான் வேளாங்கண்ணி. எனக்குத் தனியா பத்திரிகை வந்துதுங்க. கொண்டாந்திருக்கேன்."

தேவதாஸ் உறையை வாங்கிப் பார்த்தார். காரியாலயத்தின் முத்திரை இருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லை. அவளை விருந்தினர் வரிசையில் போய் உட்காரச் சொன்னார். அதிகாரிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து ஆலோசித்தார்கள். கூடத்தில் யாரும் பதறவில்லை. எங்கே தவறு என்று யாரும் கேட்கவுமில்லை. காரியாலயத்தில் தவறு நடக்கும் என்று அங்கே யாரும் நினைத்துப் பழகவில்லை.

மொசியே பெல்மார் எழுந்தார். "அழைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அவள்தான் மணமகள். அழைப்பு இதோ இருக்கிறது. ஆகவே மணமகள் இருக்கிறாள். பேசவில்லையே என்று சிலர் கேட்கலாம். நல்ல குடும்பத்துப் பெண்கள் சபையில் பேசுவதில்லை. சம்மதம் எங்கே என்றும் கேட்கலாம். நம் எழுத்துகள் சாய்ந்தே இருக்கின்றன. அதை விடப் பெரிய சம்மதம் வேறென்ன வேண்டும்?"

கைதட்டினார்கள். சகாயநாதன் மோதிரத்தை ஒரு பட்டு நாடாவில் கோத்து வெள்ளிச் சட்டத்தில் கட்டினான். நாடா நழுவாமல் அவன் இரண்டு முடிச்சுப் போட்டதைப் பார்த்து, பயலுக்கு எவ்வளவு ஆசை என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சாமியார் மட்டும், மூச்சு விடுகிற பெண்ணைக் கொண்டுவந்தால்தான் மந்திரிப்பேன் என்று சொல்லி அனுப்பினார். அதைச் சைகோனில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் மதாம் செசில்.

விருந்தில் வேளாங்கண்ணிக்கும் இலை போட்டார்கள். தொண்டையில் ஒன்றும் இறங்காது என்றுதான் உட்கார்ந்தாள். பசித்தது. இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பக்கத்தில் புஷ்பமேரி சாப்பிடாமல் அழுதாள்.

"ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்றதுக்கு ஒனக்கு என்னாடி?"

"சொல்லியிருப்பேம்மா. என்னைக் கேட்டிருந்தா."

பிறகு அவளும் அழாமல் இல்லை. மெர்சியின் மேல் கட்டிய வீட்டை இடிக்க வேண்டியிருந்தது. சுவர்கள் சுலபமாக விழுந்தன. ஜன்னல் திரையைக் கழற்றத்தான் நாளாயிற்று; அதை அவள் அத்தனை நுணுக்கமாகப் பின்னியிருந்தாள். நடுநடுவே, அவன் மெர்சி என்றது தன்னிடமா, தண்ணீரிடமா என்று நினைத்துப் பார்ப்பாள். அழுகை பாதியில் நின்றுவிடும்.

சகாயநாதன் விடுப்பு முடிந்து முன்னால் போய்விட்டான். ஜெனோபி மாமியாரிடம் இருந்தாள். மதாம் செசில் போகிற இடமெல்லாம் மருமகளைப் புகழ்ந்தாள். எதிர்த்து ஒரு சொல் இல்லையாம். வைத்த இடத்தில் இருக்கிறாளாம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருவதில்லையாம். ஊரில் மற்ற மாமியார்கள் தங்கள் மருமகள்களை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். காரியாலயத்திலும் வரிசை நீண்டது.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒருநாள் மதாம் செசில் மடத்துத் தையற்கூடத்துக்கு வந்தாள். வேளாங்கண்ணியைப் பார்த்து அவளுக்குச் சங்கடம் எதுவும் இல்லை. கலியாணத்துக்கு வந்திருந்த ஒரு பெண் என்ற அளவில் நினைவு இருந்தது.

"மருமவளச் சைகோனுக்கு அனுப்பறோம். புள்ள தனியாக் கெடந்து கஷ்டப்படறான். உப்புக் காத்து பட்டா அவ ஒடம்புக்கு ஆகாது. பட்டுல ஒரு உறை தச்சுக் குடு."

"அளவு எடுக்கணுங்களே."

மதாம் செசில் கைப்பையிலிருந்து மருமகளை எடுத்து மேசை மேல் வைத்தாள். வேளாங்கண்ணி அளவெடுத்தாள். ஒரு சாண் அகலம். உயரம் அதை விடக் குறைவு. ஓரங்கள் லேசாக நைந்திருந்தன. ஒரு மூலையில் எண்ணெய்க் கை பட்ட கறை. சுழி மட்டும் அப்படியே, சகாயநாதனின் பெயரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"அவளுக்கென்னா கொறச்சல்? ராசாத்தி மாதிரி இருக்கா."

"வெளிய எங்கயாவது கூட்டிட்டுப் போவீங்களா?"

"எதுக்கு? அவ கேக்கறதில்லியே." மதாம் செசில் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா இறுக்கித் தையி. உள்ள அசையக் கூடாது. அசைஞ்சா மடங்கிப்பூடுவா."

"இறுக்கித் தைக்கிறேங்க."

அவள் போனபின் வேளாங்கண்ணி நீலப் பட்டு எடுத்து வெட்டினாள். மூன்று பக்கமும் சொன்னபடி இறுக்கித் தைத்தாள். நாலாவது பக்கம் வந்தபோது, உள்ளே இருக்கிறவள் கப்பலில் திரும்பிப் படுக்க விரும்பினால் எப்படி என்று தோன்றியது. விரற்கடை அளவு இடம் விட்டுத் தைத்து, வெளியே தெரியாமல் மடிப்பை உள்ளே தள்ளிவிட்டாள். வாங்கிப்போன மதாம் செசிலுக்கு அது தெரியவில்லை.